மாஷ் என்டில் என்ன இருக்கிறது

பலகையை மடியில் கிடத்தினால் முன் இருக்கையில் முட்டுகிறது, கால்களுக்கிடையில் நிறுத்தினால் விளிம்பு நாடியில் இடிக்கிறது, ஐந்து மாதத்துக்கு முன்புவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே பஸ்ஸில் இதை எப்படித்தான் கொண்டுபோனோம் என்று மரியநாயகத்துக்கு ஞாபகம் வரவில்லை. கடைசியில் அதைச் சரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, தூங்கும் பிள்ளையின் தலைக்கு அண்டைகொடுப்பதுபோல ஒரு கையால் பிடித்துக்கொண்டார், பிடித்தபிறகுதான் அந்த நினைப்பு வந்தது, உடனே கையை எடுத்தார். பலகை கறுப்புக் குப்பைப் பையால் சுற்றப்பட்டிருந்தது. பை மனைவி றீற்றா வாங்கி வைத்த சுருளில் மிஞ்சியது. அவள் செத்து ஐந்து மாதமாகியும் அவள் வாங்கி வைத்த குப்பைப் பை முடியவில்லை, உப்பு முடியவில்லை, குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கொண்டையூசிகள் முடியவில்லை. கோட்டின் உள்பையில் கவுன்சில் அனுப்பிய படிவம் இருந்தது. ஊரில் இருக்கிற எல்லா வீடுகளுக்கும் போட்டிருந்தார்கள். கருக்கலைப்புச் செய்யும் கிளினிக்கின் வாசலுக்கு எதிரே நின்று செபிக்கிறவர்களையும் பலகை பிடிக்கிறவர்களையும் நூற்றைம்பது மீற்றருக்கு அப்பால் அனுப்பலாமா, உங்கள் அபிப்பிராயம் என்ன. இன்று பகல் ஒரு மணிக்குள் நூலகத்துப் பெட்டியில் போடவேண்டும். கிளினிக் வாசலில் இறங்கினால் மிஸிஸ் டொனலியும் அவருடைய செபக் கூட்டமும். அதிலிருந்து நாலு பஸ் தரிப்பு தள்ளி நூலகம். பஸ் அதையும் தாண்டி எங்கேயோ போகிறது. நேற்றிரவு மிஸிஸ் டொனலி ரெலிபோன் எடுத்துச் சொன்னார், நீ துக்கத்தில் இருக்கிறாய், தெரியும், ஆனால் நாளைக்கு ஆட்களை எண்ண கவுன்சிலிலிருந்து வருவார்கள், உன்னுடைய பலகையையும் கொண்டுவா, உன் பாஷைக்காரரும் இருக்கிறார்கள் என்று அவர்கள் பார்க்கட்டும். மிஸிஸ் டொனலியின் இங்கிலிசும் அவருடைய தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், எல்லாருடைய இங்கிலிசும் அப்படித்தான். முப்பது வருடமாகியும் மாறவில்லை.

படிவத்தை அவர் சமையலறை மேசையில் வைத்து மூன்று தரம் வாசித்துவிட்டார். முதல் கேள்வியே தடக்கியது. நீங்கள் யாராகப் பதிலளிக்கிறீர்கள்? ஒன்றுக்கு மட்டும் அடையாளமிடவும். அருகில் வசிப்பவர். கிளினிக்கில் வேலைசெய்பவர். சேவையைப் பெற்றவர். சேவையைப் பெற்றவருடன் கூடச் சென்றவர். வெளியே நடக்கும் செபத்திலோ எதிர்ப்பிலோ பங்குபற்றுபவர். வேறு. நாலு வருடம் நின்ற மனுசனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஐந்தாவது பெட்டியில் ஒரு கோடு. அந்தப் பெட்டிக்கு மேல் பேனை போய் நிற்கும், பிறகு ஒரு நூலளவு மேலே ஏறி நாலாவது பெட்டிக்கு மேல் நிற்கும், கூடச் சென்றவர், பிறகு கை பேனையை மூடும். ஒன்றுக்கு மட்டும். இரண்டுக்கும் போட்டால் படிவம் செல்லாது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. சின்ன எழுத்தை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

முன்னால் இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள், சக்கரம் வைத்த கடைப்பைகளுடன். அவர்களுக்கும் படிவம் வந்திருக்கிறது. நான் வேண்டாம் எண்டு போட்டன், ஆரும் றோட்டிலை நிக்கலாம், இண்டைக்கு அவங்களைத் துரத்தினா நாளைக்கு என்னைத் துரத்துவாங்கள் என்றாள் ஒருத்தி. உன்னை ஆர் துரத்துறது, நீ நிண்டா ரெண்டு நிமிசத்திலை கதிரை கேப்பாய் என்றாள் மற்றவள். இருவரும் சிரித்தார்கள். பிறகு மற்றவள் குரலை இறக்கி, அந்தப் பெட்டையளின்ர முகத்தை நீ பாத்திருக்கிறியே, கதவடிக்குப் போறதுக்குள்ளை ஏழெட்டுத் தரம் குனியுதுகள், மழையும் இல்லை ஒண்டும் இல்லை என்றாள்.  முதல்காரி உருண்ட பையைக் காலால் நிறுத்தி, அவையள் பாட்டு மட்டும் நல்லாப் பாடுகினம் என்றாள். நல்லாய்த்தான் பாடுவார்கள், மரியநாயகத்துக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை எழுந்தது, எழுந்ததைக் கண்டு வெட்கம் வந்தது. நாலு வருடத்தில் எத்தனை அபிப்பிராயம் கேட்டாயிற்று. கார்க் கண்ணாடியை இறக்கிப் பெருவிரலை உயர்த்துகிறவன், நடுவிரலை உயர்த்துகிறவன், ஒருநாள் ஒருத்தன் இரண்டையும் உயர்த்திவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டு போனான். கிளினிக்குக்குத் தொண்டு செய்கிற, மென்சிவப்பு மேலங்கி போட்ட பிள்ளைகள் வந்து குடையை விரித்து, வருகிற பெண்ணுக்கும் எங்களுக்கும் நடுவில் நடந்துபோவார்கள். பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற கபிலன் ஒருநாள் றோட்டைக் கடந்து நேரே வந்தான். "அண்ணை, குறை நினையாதேங்கோ. கடவுளுக்குச் சொல்லுறதை வீட்டிலை இருந்து சொன்னா அவருக்குக் கேளாதே? இஞ்சை நிண்டுதான் சொல்லவேணுமெண்டா என்ர கடைக்கு இஞ்சாலை ஒரு பத்தடி தள்ளி நிண்டு சொல்லுங்கோ. சனம் மரக்கறி வாங்க வெக்கப்படுகுது." கடை வாசலில் நின்ற தமிழ்ச் சனம் சிரித்தது, என்ன சொன்னான் என்று மிஸிஸ் டொனலி கேட்டபோது, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்கிறான் என்று மரியநாயகம் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பில் அவர் எப்போதும் கெட்டிக்காரர். ஐயோ. அந்தச் சொல்லில் காலை வைக்கக்கூடாது, அதில் வைத்தால் வழுக்கும், அங்கே போய்த்தான் விழும். ஜன்னலுக்கு வெளியே ஒரு நாய் காலைத் தூக்கியது. நாயைப் பார். நாய் நல்லது.

பலகையை எழுதிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மிஸிஸ் டொனலியின் பலகையில் இங்கிலிசில் இருந்தது, அம்மா, உங்கள் குழந்தை இப்போதே உங்களை நேசிக்கிறது. அதைத் தமிழாக்கித் தா என்றுதான் கேட்டார். ஊரில் திருநாளுக்குக் கோயில் வளைவில் எழுத்து எழுதினவர் மரியநாயகம், தூரிகையைத் தொட்டு இருபத்தைந்து வருடத்துக்குமேல், கை மறந்திருக்கும் என்று பயந்தார், மறக்கவில்லை. எழுதத் தொடங்கும்போது மிஸிஸ் டொனலியின் வசனம் வரவில்லை. வேறொன்று வந்தது. அம்மா, உன் பிள்ளை உன்னை மறக்காது. அப்படியே எழுதினார். கூட்டத்தில் வாசிக்கக்கூடியவர் வேறு யாருமில்லை, கேட்க ஆளில்லை. றீற்றா பழைய பேப்பர்களைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள், பெயின்ற் ஒழுகாமல். மூலையைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய தூரிகை ம-வின் வளைவில் போகும்போது அவளும் மூச்சைப் பிடித்தாள், அது அவருக்கு நல்ல ஞாபகம், ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சு. முடிந்ததும் தலையைச் சரித்துப் பார்த்தாள். "எழுத்து வடிவா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். வடிவா இருக்கு. பிறகு அடுப்படிக்குப் போய், தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டினாள், உரலில் இடிக்கும் சத்தம் வழமையைவிட நெடுநேரம் கேட்டது, அல்லது இப்போதுதான் நெடுநேரம் கேட்கிறதோ. அடுத்தநாள் காலை ஃபிளாஸ்க்கைக் கொடுத்து, "இஞ்சேருங்கோ, தொப்பியைப் போடுங்கோ, காதுக்குள்ளை குளிர் போனா இரவு முழுக்க முனகுவியள்" என்றாள். அதேபோல நாலு வருடம். நாலு வருடத்துச் சனிக்கிழமைகள், மழையில், பனியில், அவளுக்கு உடம்பு ஏலாமல் வந்த பிறகும் கதிரையில் இருந்துகொண்டு இஞ்சி தட்டினாள். ஒருநாளாவது, ஏன் போறியள் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, அவளுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தார். தன் பாவத்துக்குத்தான் போய் நிற்கிறேன், குளிரில் கால் மரக்கிறது, மரக்கட்டும், அந்தக் கால்கள் அன்றைக்கு எங்கே நடந்தனவோ அந்த வாசலிலேயே மரக்கட்டும், இதை றீற்றா விளங்கிக்கொண்டிருக்கிறாள், அதனால்தான் தொப்பி, அதனால்தான் இஞ்சி. இரண்டு பேரும் பேசாமலே ஒரு தவம் செய்கிறோம் என்று நினைத்து, சில இரவுகளில் அந்த நினைப்பு தந்த ஆறுதலில் நித்திரையும் கொண்டிருக்கிறார். நித்திரை கொண்டிருக்கிறார்! பக்கத்தில் அவள் விழித்திருந்தாளா? முதுகைக் காட்டிக்கொண்டுதான் படுப்பாள். முதுகு ஒன்றும் சொல்லாது.

முப்பத்தொராம் நாள் பூசை முடிந்து சனம் போனபிறகு, ஷாமினி சட்டிகளைக் கழுவிக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள். மகளுக்கு இப்போது முப்பது வயது, தாயின் தோள்கள், தாயின் கழுத்து, அவள் திரும்பாமல் பேசியபோது ஒருகணம் யார் பேசுவது என்றே தெரியவில்லை. "அப்பா, அம்மா எனக்குச் சொன்னவ. நான் எட்டு மாசக் குழந்தையா இருக்கேக்க நடந்தது. ஆஸ்பத்திரியிலை வைச்சுச் சொன்னவ." தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. உங்களுக்கு அப்ப விசாவும் இல்லை, ஒரு அறையிலை இருந்தனீங்கள், எனக்கு விளங்குது. ஆனா நீங்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு போகேக்க ஒவ்வொரு கிழமையும் அம்மா என்ன நினைச்சவ தெரியுமே? இவர் எனக்குச் சொல்லத்தான் அங்கை போய் நிக்கிறார், வாயாலை சொல்ல மனமில்லாமல் ஊருக்கு முன்னாலை பலகையிலை எழுதிச் சொல்லுறார் எண்டு." அவர் பதறிப்போனார். இல்லைப் பிள்ளை, கடவுளறிய இல்லை, நான் எனக்காகத்தான் நிண்டனான், என்ர பாவத்துக்கு. அவள் தண்ணீரை நிறுத்தினாள். அப்போதுதான் திரும்பினாள். "அப்ப ஏன் அம்மா எண்டு எழுதினீங்கள்? அப்பா எண்டு எழுதியிருக்கலாமே. ரெண்டு பேரும்தானே போனனீங்கள்." அதற்குப்பிறகு நாலு மாதமாக அவள் ரெலிபோன் எடுக்கவில்லை. அவர் எடுத்தால், வேலையிலை நிக்கிறன் அப்பா என்கிறாள், ஞாயிற்றுக்கிழமையும் வேலையில் நிற்கிறாள். அப்பா என்று எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை? பலகையில் எல்லாரும் அம்மா என்றுதான் எழுதுகிறார்கள், டொனலியின் பலகையில் அம்மா, கூட நிற்கிற சாமுவேலின் பலகையில் அம்மா, ஒரு பலகையிலும் அப்பா கிடையாது, அதனால் அவருக்கும் தோன்றவில்லை. அது ஒரு மறுமொழியா? ஷாமினிக்கு அதைச் சொல்லலாமா? தோன்றவில்லைப் பிள்ளை என்று? ஒரேயொரு முறைதான் ஒரு தமிழ்ப் பெண் அந்த வாசலுக்கு வந்தாள், நீலக் கோட், நாற்பது வயதிருக்கும். பலகைக்கு முன்னால் நின்றாள், முழுக்க வாசித்தாள், பிறகு அவரைப் பார்த்து, "நல்ல தமிழ். எந்தப் பள்ளிக்கூடம் அண்ணை?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அது நக்கல் என்று எடுத்துக்கொண்டார். உன் பிள்ளை உன்னை மறக்காது. மேசைப் பேப்பருக்கு மேல் அதைத் தலைகீழாக இருந்தே வாசித்திருப்பாள் றீற்றா, எழுத்து எழுத்தாக, தூரிகையோடு கூடவே, மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஒரு வாக்கியம் என்ன சொல்லப்போகிறது என்று தெரியாமல் அதன் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பஸ் பாலத்தைத் தாண்டியது. பாலத்தைத் தாண்டினால் கிளினிக்குக்கு ஏழு தரிப்பு. முப்பது வருடத்துக்கு முன்பு அன்றைக்கும் இந்த வழிதான், இலக்கம்தான் வேறு, பஸ்ஸும் பழையது. பங்குனி மாதம், கரையெல்லாம் ஊத்தைப் பனி. ஹோம் ஒவ்பிஸிலிருந்து விசா மறுத்துக் கடிதம் வந்து ஒன்பது நாள். இரவில் பெற்றோல் ஸ்ரேசனில் வேலைக்கு நின்றுவிட்டு நித்திரையில்லாத கண்ணோடு வந்து, திரும்பவும் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று றீற்றா சொன்னதைக் கேட்டு, கட்டில் விளிம்பில் இருந்து சப்பாத்தைக் கழற்றாமலே, இப்ப ஏலாது என்றார். அது ஒரு வசனம்தான். அவள் மறுத்தும் பேசவில்லை, சம்மதமும் சொல்லவில்லை, சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துவிட்டாள். ஷாமினியை மேல் அறைக் குகதாசனின் பெண்சாதியிடம் கொடுத்தார்கள், ஹோம் ஒவ்பிஸுக்குப் போகிறோம் என்று பொய் சொன்னார்கள். குகதாசனின் ஜக்கற்றை இரவல் வாங்கி அவள் போட்டிருந்தாள், கை நீளம், விரல்கள் தெரியவில்லை. இந்தப் பக்கம்தான் இருந்தார்கள், இடது பக்கம், அவள் ஜன்னலோரம்.  கிளினிக்குக்கு இரண்டு தரிப்பு இருக்கும்போது, கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள், "இஞ்சேருங்கோ, இந்த பஸ் கடைசியா எங்கை போகும்?" பஸ்ஸின் நெற்றியில் போட்டிருந்ததை அவர் ஏறும்போதே வாசித்திருந்தார். மாஷ் என்ட் என்றார். இங்கிலிசுப் பெயரைத் தடக்காமல் சொன்ன ஒரு மிடுக்குக்கூட அதில் இருந்தது. அவள் ஜக்கற்றின் கையால் கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்தாள். பிறகு, "அங்கை என்ன இருக்கு?" என்றாள். எனக்கெப்பிடித் தெரியும் என்றுவிட்டு எட்டி மணியை அமத்தினார். தரிப்புத் தவறிவிடும் என்ற பயம். நேரத்துக்குப் போகாவிட்டால் வேறு நாள் தருவார்கள், வேறு நாள் என்றால் வேலையில் லீவு கிடையாது. அங்கை என்ன இருக்கு. முப்பது வருடமாக இந்த இரண்டு கேள்வியும் அவருக்குள் கிடந்து உருள்கிறது. சும்மா கேட்டிருக்கலாம். பயத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டிருக்கலாம். இறங்காமல் இப்படியே போவோம் என்று சொல்லத் தெரியாமல், அதைத்தான் அப்படிக் கேட்டாளோ. அல்லது அவளுக்கும் ஏலாதுதானோ, இறங்கத்தான் நினைத்திருந்தாளோ, முடிவெடுத்த மனம் ஒரு பேச்சுக்குக் கேட்டதோ. தெரியாது. கேட்டால் தெரிந்திருக்கும். ஐந்து மாதத்துக்கு முன்புவரை உயிரோடு பக்கத்தில் படுத்திருந்த ஒருத்தியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கேட்கச் சொல்லியும் கேட்கவில்லை. இந்த இடத்துக்கு வரக்கூடாது என்றுதான் நாயைப் பார்த்தார், கிழவிகளைப் பார்த்தார், வந்தாயிற்று. கிளினிக்கில் முகமெல்லாம் செம்புள்ளி போட்ட ஒரு தாதி. நல்ல மனுசி, றீற்றாவின் கையை ஜக்கற்றுக்குள்ளிருந்து தேடி எடுத்துப் பிடித்துக்கொண்டாள். இவவுக்கு இங்கிலிசு வராது, நான் சொல்கிறேன் என்றார் மரியநாயகம். அந்தக் காலத்தில் அப்படித்தான், புருசன்மார்தான் எல்லா இடத்திலும் மொழிபெயர்ப்பு, டாக்குத்தரிடம், பொலிசில், பள்ளிக்கூடத்தில். தாதி றீற்றாவைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, நீளமாகச் சொன்னாள். இவவைக் கேளுங்கள், இது இவவுடைய சொந்த விருப்பமா, யாராவது வற்புறுத்தினார்களா, யோசிக்க இன்னும் நாள் வேண்டுமா, வேண்டுமென்றால் எடுக்கலாம், ஒரு அவசரமுமில்லை. அவர் றீற்றாவின் பக்கம் திரும்பினார். "ஓமெண்டு தலையாட்டும்" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். ஆட்டினாள். தாதி பேனையை எடுத்தவள் எழுதாமல் நிறுத்தி, நான் இவ்வளவு சொன்னேன், உங்கள் மொழியில் அது அவ்வளவு சுருக்கமா என்று கேட்டாள். ஓம், எங்கட பாஷை அப்பிடி என்றார். தாதி சிரித்தாள். றீற்றாவுக்குச் சிரிப்பு விளங்கவில்லை, ஆனால் மரியாதைக்குச் சிரித்தாள். இதை அவர் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. கருவைக் கலைத்தோம் சுவாமி என்று சொல்லியிருக்கிறார், இரண்டு மூன்று சுவாமிமாரிடம் சொல்லியிருக்கிறார், மன்னிப்பும் கிடைத்திருக்கிறது. கலைத்தோம். தோம். தாதியின் கேள்வியை விழுங்கியதை ஒருவரிடமும் சொல்லவில்லை, அது ஒரு பாவமென்றே அவருக்குப் பட்டதில்லை, போன மாதம் ஒரு நாள் பல்விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் பட்டது, வாயில் நுரையோடு அப்படியே குந்திவிட்டார். நாலு வருடம் வாசலில் நின்றது எந்தப் பாவத்துக்கு? எதுவோ ஒன்றுக்கு நின்றிருக்கிறார். நின்றது தப்பான பாவத்துக்கு. வாசலில் நின்று ஒவ்வொரு பெண்ணையும் பார்த்து, யோசியுங்கள் அம்மா என்றார். ஒருவேளை உங்களை யாராவது கேட்டார்களா அம்மா என்று கேட்டிருக்கவேண்டும். இல்லை, அதுவும் வாசலில் நின்று கேட்கிற கேள்வியில்லை. அது வீட்டில் கேட்கவேண்டியது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கட்டிலில் பக்கத்தில் இருந்து.

"எக்ஸ்கியூஸ் மீ." நடைபாதைக்கு அந்தப் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பொடியன், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதிருக்கும், சுருட்டை முடி, கையில் ரெலிபோனில் வரைபடம். ஜன்னலோரம் ஒரு பெண் பிள்ளை, தொப்பியை இழுத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளினிக்குக்கு இதுதானா தரிப்பு, அடுத்ததா என்று கேட்டான். கிளினிக் என்ற சொல்லை மட்டும் மெல்லச் சொன்னான். மரியநாயகத்துக்குத் தோளில் சாய்ந்திருந்த பலகை திடீரென்று பாரமாகியது. பையின் ஓரத்தில் ஒரு கிழிசல், அதனூடாக அ தெரிந்தது, இவர்களுக்கு அது வாசிக்கத் தெரியாது என்றாலும் அதைக் கையால் பொத்தினார். நாலு வருடம் றோட்டின் மற்றக் கரையில் நின்று இப்படி ஒரு பிள்ளை நின்று கேட்காதா, ஒரு வார்த்தை பேசக் கிடைக்காதா என்று செபமாலை உருட்டியிருக்கிறார். கிடைத்திருக்கிறது. மிஸிஸ் டொனலி சொல்லித்தந்த வசனங்கள் எல்லாம் தொண்டையில் வரிசையாய் வந்து நின்றன, உதவி இருக்கிறது, வேறு வழி இருக்கிறது, துண்டுப் பிரசுரம்கூட இந்தக் கோட்டின் எந்தப் பையிலோ இருக்கும். "அடுத்ததுதான்" என்றார். பொடியன் நன்றி சொல்லி மணிக்குக் கையை நீட்டினான். சிவப்புப் பொத்தான், கம்பத்தில், ஒரு சாண் தூரம். "தம்பி" என்றார் மரியநாயகம், தமிழில்தான் வாயில் வந்தது, பிறகு இங்கிலிசில், "அவவைக் கேள்." பொடியன் விளங்காமல் பார்த்தான். "அமத்துறதுக்கு முதல். அவவைக் கேள்." அவனுடைய முகம் சிவந்தது, உனக்கென்ன கிழவா என்று கேட்கப்போகிறான், கேட்டாலும் சரிதான். அவன் கேட்கவில்லை. பிள்ளையின் பக்கம் திரும்பி, காதோடு ஏதோ கேட்டான். அது ஒரு நீளமான கேள்வியாக இருந்தது. அவள் வெளியே பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி அவனைப் பார்த்தாள், அவனைத் தாண்டி ஒருகணம் மரியநாயகத்தையும் பார்த்தாள், கோபமா வேறென்னவா தெரியவில்லை, கண் தெளிவாக இருந்தது. எழும்பி, தன் கையை நீட்டி, தானே அமத்தினாள். மணி அடித்தது.

அவர்கள் இறங்கினார்கள். தரிப்பில் மிஸிஸ் டொனலி, சாமுவேல், இன்னும் எட்டுப் பத்துப் பேர், செபமாலைகளோடு. மிஸிஸ் டொனலி கண்ணாடிக்குள் அவரைக் கண்டுவிட்டுக் கையை உயர்த்தினார், வா வா என்று. செத்தவீட்டுக்கு இரண்டு பஸ் மாறி ஒரு சட்டி சூப்போடு வந்த மனுசி, சமையலறையில் றீற்றாவின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கோப்பை கழுவின மனுசி. இப்போது அந்தப் பிள்ளையையும் கண்டுவிட்டார், உயர்த்திய கை அப்படியே திசைமாறியது, உதடு அசையத் தொடங்கியது. பிள்ளை குனியவில்லை. அதைத்தான் மரியநாயகம் பார்த்துக்கொண்டிருந்தார். பொடியன்தான் குனிந்தான். கதவு மூடியது. அவர் எழும்பவில்லை, எழும்பவேண்டும் என்று முழங்கால் நினைத்ததாகக்கூடத் தெரியவில்லை. பஸ் அசைந்தபிறகு, கோட்டுக்குள்ளிருந்து படிவத்தை எடுத்து, பலகையின் முதுகில் வைத்து, பேனையைத் திறந்தார். ஒன்றுக்கு மட்டும் அடையாளமிடவும். சேவையைப் பெற்றவருடன் கூடச் சென்றவர். பஸ் குலுக்கியதில் கோடு பெட்டியைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே போயிற்று. கீழே, உங்கள் அபிப்பிராயத்தை எழுதவும் என்று ஆறு கோடு விட்டிருந்தார்கள். நூற்றைம்பது மீற்றர் வேண்டும் என்று எழுதினார். ஏன் என்று சொல்ல வசனம் தேடினார், இங்கிலிசில் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. என் மனைவி என்று தொடங்கி நிறுத்தினார். என் மனைவியிடம் நான் கேட்கவில்லை. அவ்வளவும்தான் எழுத வந்தது. கவுன்சிலில் இருக்கிறவனுக்கு இது என்ன விளங்கும்? ஷாமினிக்கு விளங்கும். இதை ஒரு படமெடுத்து அவளுக்கு அனுப்பலாமா. அனுப்பினால் மறுமொழி எழுதுவாளா. எழுதாவிட்டாலும் பார்ப்பாள். பிறகு பார்ப்போம்.

அடுத்தது நூலகம் என்று பஸ்ஸின் குரல் சொன்னது. ஒரு மணிவரை நேரமிருந்தது. மணிக்குக் கையைத் தூக்கினார், கை பொத்தானுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கிழவிகளில் ஒருத்தி எட்டி அமத்திவிட்டு, நீங்களும் இதிலையோ இறங்குறியள் என்று கேட்டாள். இல்லை என்றார். அவர்கள் கடைப்பைகளை உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். அதற்கப்புறம் அவருக்குத் தெரியாத வீதிகள். ஒரு பள்ளிக்கூடம், ஒரு பெற்றோல் ஸ்ரேசன், வரிசை வீடுகள், வரிசை குறைந்த வீடுகள், பிறகு வீடுகளும் ஓய்ந்தன. பஸ்ஸில் அவரும் பலகையும் மட்டும். முப்பது வருடம் இந்த ஊரில் இருந்திருக்கிறார், ஒருநாள் இரண்டு பவுண் கொடுத்து இந்த பஸ்ஸின் முடிவுக்கு வந்து பார்த்திருந்தால் என்ன, ஒரு ஞாயிற்றுக்கிழமை றீற்றாவையும் கூட்டிக்கொண்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு. அவள் ஜன்னலோரம் இருந்திருப்பாள். பஸ் ஒரு வளைவில் திரும்பி நின்றது. மாஷ் என்ட், இந்த பஸ் இத்துடன் நிற்கிறது என்றது குரல். சாரதி கண்ணாடிக்குள்ளால் பார்த்து, இஞ்சையோ இறங்குறியள், இஞ்சை ஒண்டும் இல்லையே என்றார். இறங்கினார். குளிர் காதுக்குள் போனது, தொப்பியை எடுத்துவர மறந்திருந்தார். பலகையைக் குப்பைப் பையோடு, தரிப்பில் ஆட்கள் உட்காரும் மர வாங்கில் சாய்த்துவிட்டு, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறவளுக்குச் சொல்வதுபோல, எதையும் விடாமல், சுருக்காமல் சொன்னார். "ஒரு புல்வெளி, றீற்றா. நல்ல ஈரம். அங்காலை ஒரு குட்டை, பனி உறைஞ்சு கிடக்கு. ரெண்டு குதிரை நிக்குது, ஒண்டு மண்ணிறம், மற்றது வெள்ளை. வெள்ளைக்கு முதுகிலை ஆரோ கம்பளி போட்டுவிட்டிருக்கினம். வேலியோடை ஒரு வாங்கு இருக்கு. ரெண்டு பேர் இருக்கலாம்."